பெயரும் வயதும் போதாத ஊர்

கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலும் சரி, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் சரி, வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுக்கப் பெயரும் வயதும் சொன்னால் போதும். அடையாள அட்டை வீட்டு அலுமாரியில் கிடந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. வரிசையில் நிற்கிற அலுப்பைத் தவிர வேறு செலவும் இல்லை. தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறோம். அதனால்தானோ என்னவோ, கட்டாருக்கும் சவூதிக்கும் போகிற நம் பிள்ளைகள் சம்பளம், ஓவர்டைம், சாப்பாடு, டிக்கெட் எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிப்பார்கள். "அங்கே வருத்தம் வந்தால் எங்கே போவது, எதைக் காட்டுவது?" என்பதை மட்டும் விசாரிக்காமல் விமானம் ஏறிவிடுவார்கள்.

அங்கே ஆஸ்பத்திரி வாசலில் கேட்கிற முதல் கேள்வி பெயரல்ல, இலக்கம். இலக்கம் கையில் இருந்தால் சொற்பக் காசில் நல்ல வைத்தியம். இல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சலுக்கே தனியார் கிளினிக்கில் பை காலியாகும். மருத்துவச் செலவைக் குறைக்க வழி தேடுகிறவர்கள் முதலில் தேட வேண்டியது மலிவான கிளினிக்கை அல்ல, அந்த இலக்கத்தை. கட்டார் நடைமுறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிட்டு, மற்ற நாடுகளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கட்டாரில் இரண்டு காட், அதாவது அட்டை, உண்டு. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதுதான் புதிதாகப் போகிறவர் செய்கிற முதல் பிழை. ஒன்று வதிவிட அனுமதி. இதைக் கியூஐடி என்றும் ஐடி என்றும் சொல்வார்கள், பழைய ஆட்கள் பத்தாக்கா என்பார்கள். உள்துறை அமைச்சு தருவது. அதை எடுத்துத் தரும் பொறுப்பு முதலாளியுடையது. மற்றது ஹமத் மருத்துவக் கூட்டுத்தாபனத்தின் ஹெல்த் காட், நம் ஆட்கள் வாயில் 'ஹமத் காட்'. ஐடி வந்துவிட்டது என்பதற்காக ஹமத் காட் தானாக வந்துவிடாது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், ஆண்டுக்கு 100 ரியால் கட்ட வேண்டும், காலாவதியானால் புதுப்பிக்க வேண்டும். ஐடி இல்லாமல் ஹமத் காட் எடுக்க முடியாது. ஐடி கிடைத்து ஒரு வருடமாகியும் ஹமத் காட் எடுக்காதவர்களோ ஏராளம். வருத்தம் வந்த அன்றைக்குத்தான் "அப்படி ஒன்று இருக்கா?" என்று பக்கத்துக் கட்டில்காரனைக் கேட்பார்கள்.

சரி, இலக்கம் எங்கே பிறக்கிறது? கட்டாரில் அல்ல, இங்கே, நம் கடவுச்சீட்டில்.

கட்டார் ஐடி இலக்கம் 11 இலக்கங்கள் கொண்டது. 1900களில் பிறந்தவருக்கு முதல் எண் 2, 2000 முதல் பிறந்தவருக்கு 3. அடுத்த இரண்டும் பிறந்த ஆண்டு. அதற்கடுத்த மூன்றும் நாட்டின் குறியீடு, இலங்கைக்கு 144. கடைசி ஐந்தும் தொடர் எண். அதாவது 1994இல் பிறந்த அக்கரைப்பற்றுக்காரர் ஒருவரின் ஐடி 294144 என்று தொடங்கும். 2001இல் பிறந்தவருக்கு 301144. குவைத்தின் சிவில் ஐடியில் 12 எண்கள், அதற்குள் பிறந்த ஆண்டு, மாதம், திகதி மூன்றும் அடங்கும். எமிரேட்ஸ் ஐடியின் 15 எண்களில் 784க்கு அடுத்ததாகப் பிறந்த ஆண்டு முழுதாக நிற்கும். இது நமக்குப் புதிதல்ல. நம் தேசிய அடையாள அட்டை இலக்கத்திலும் ஆண்டும் நாளும் இருக்கின்றன, பெண்களுக்கு நாளோடு 500 கூட்டப்படுகிறது. ஆனால் இங்கே ஒரு எண் பிழைத்தால் பிரதேச செயலகத்துக்கு நாலு தடவை நடந்து திருத்திக்கொள்ளலாம். அங்கே பிறந்த ஆண்டு பிழையாகப் போனால் அந்தப் பிழை இலக்கத்துக்குள்ளேயே குடியேறிவிடும். ஐடி, ஹெல்த் காட், வங்கிக் கணக்கு, சிம், ஆஸ்பத்திரிக் கோப்பு எல்லாம் அந்த இலக்கத்தில்தான் ஓடும்.

வயதைக் கூட்டிக் குறைத்துக் கடவுச்சீட்டு எடுக்கிற ஏஜென்சி வித்தைகள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கிழக்கு மாகாணத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2005இல் மூதூரிலிருந்து சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போன பிள்ளை ரிசானா நபீக்குக்கு அப்போது 17 வயதுதான். கடவுச்சீட்டில் ஆறு வயது கூட்டி எழுதியிருந்தார்கள். 2013 ஜனவரியில் அங்கே அந்தப் பிள்ளைக்கு மரண தண்டனை நிறைவேற்றியது எல்லோருக்கும் தெரியும். "ரெண்டு வருசம் கூட்டிப் போட்டா விசா சுகமா விழும்" என்று சப் ஏஜென்ட் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

திகதிக்கு அடுத்த வில்லங்கம் பெயர். நம் பக்கத்துப் பெயர்கள் அரபியில் படும் பாடு தனிக்கதை. 'பால்' என்ற சொல்லில் வருகிற ப அரபியில் கிடையாது. 'அம்பு' என்பதில் வருகிற ப மட்டுமே உண்டு. ஓகாரத்துக்கும் ஊகாரத்துக்கும் ஒரே எழுத்து. நம் டகரமும் இல்லை. ஆகவே படுவான்கரைக் கந்தப்போடியின் பேரன் ஐடியில் ஏறும்போது 'போடி' பூடியாகவோ பூதியாகவோதான் நிற்பான். முஸ்லிம் பெயர்கள் அரபிப் பெயர்கள்தானே, தப்பிவிடும் என்று நினைக்க வேண்டாம். சம்சுதீன் கடவுச்சீட்டில் ஸகரத்தோடு இருந்தால், எழுதுகிறவர் ஷம்சுத்தீன் என்று யோசிப்பதில்லை, கண்ணில் பட்ட ஸீனைப் போட்டுவிடுகிறார். லெவ்வையோ வீட்டுக்கு வீடு வேறு: லெப்பை, லெப்பே, லெவ்வை. வாப்பாவின் பிறப்புச் சான்றிதழில் ஒன்று, மகனின் கடவுச்சீட்டில் இன்னொன்று, கலியாணக் கடுத்தத்தில் மூன்றாவது.

அரபி எழுத்து கோணிப்போனதற்காகப் பயப்படத் தேவையில்லை. ஆஸ்பத்திரிக் கணினி தேடுவது இலக்கத்தை. பயப்பட வேண்டியது ஆங்கில எழுத்துக்கு. கடவுச்சீட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து, விசாவிலும் ஒப்பந்தத்திலும் மருத்துவ அறிக்கையிலும் இருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சீட்டு இலக்கத்தையும் ஒவ்வொரு தாளிலும் விரல் வைத்து ஒப்பிடுங்கள். ஒற்றை எண் மாறினால் ஐடி அச்சாகும் இடத்தில் கோப்பு நின்றுவிடும். கம்பனி மந்தூப், அதாவது கம்பனிக்காக அரச அலுவலகங்களில் அலைகிற ஆள், அதைச் சரிசெய்ய எத்தனை நாள் எடுப்பார் என்பது அவருடைய மனநிலையைப் பொறுத்தது. மனைவி மக்களை எடுக்க நினைப்பவர் இந்த வேலையை ஊரிலேயே முடித்துவிட வேண்டும். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் இரண்டையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்து, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தி, பிறகு அந்த நாட்டுத் தூதரகத்தில் முத்திரை வாங்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது கடவுச்சீட்டுக் கொப்பியையும் கொடுத்து, "பெயரை இதில் இருக்கிற மாதிரியே எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். அவர் தன் போக்கில் எழுதினால் மூன்று லெவ்வை நான்காகிவிடும். பிரசவ வார்டில் அந்தத் திருமணச் சான்றிதழைக் கேட்பார்கள். அப்போது தேடி ஓட முடியாது.

அடுத்தது மெடிக்கல். சவூதி, குவைத், எமிரேட்ஸ் போகிறவர்களுக்கு வளைகுடா நாடுகளின் மருத்துவச் சோதனைப் பதிவு முன்பு காம்கா என்றிருந்தது, இப்போது வாஃபித். அதில் பதிந்து, அங்கீகரித்த நிலையத்தில் சோதனை செய்ய வேண்டும். கட்டார் போகிறவருக்கு வழி வேறு. கொழும்பில் 2018 ஒக்டோபரில் கட்டார் விசா நிலையம் திறந்தார்கள். அப்படியான நிலையங்களில் அதுதான் முதலாவது. கைரேகை, கண்பதிவு, மருத்துவச் சோதனை, ஒப்பந்தத்தில் கையெழுத்து எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ் நடக்கும். செலவு முதலாளியுடையது, அங்கே கட்டுவதற்கென்று ஏஜென்ட் உங்களிடம் காசு கேட்டால் அது அவருடைய பைக்குத்தான். ஒப்பந்தத்தைத் திரையில் காட்டும்போது அவசரப்படாதீர்கள். வேலை என்ன, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, தங்குமிடமும் சாப்பாடும் யார் தருவது என்ற மூன்றையும் வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். கட்டாரில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். முதலாளி தராவிட்டால் தங்குமிடத்துக்கு 500, சாப்பாட்டுக்கு 300 மேலதிகமாகக் கொடுக்க வேண்டும். ஊரில் ஏஜென்ட் காட்டிய தாளுக்கும் இந்தத் திரைக்கும் வித்தியாசம் இருந்தால் கேட்க வேண்டிய இடம் இதுதான். இதைத் தாண்டினால் கேள்வி தோஹாவில்தான், அங்கே நீங்கள் தனி ஆள்.

மெடிக்கலில் பார்ப்பது பெரும்பாலும் தொற்று நோய்களை: எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ், நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோய். எக்ஸ்ரேதான் நம் ஆட்களைக் கவிழ்ப்பது. பல வருடத்துக்கு முன் காசநோய் வந்து, ஆறு மாத மருந்தையும் ஒழுங்காகக் குடித்து, முழுசாகச் சுகமானவருக்கும் நுரையீரலில் தழும்பு இருக்கும். எக்ஸ்ரேயில் பழைய தழும்பு எது, புதிய நோய் எது என்று அந்த நிலையம் உங்களுக்காக ஆராய்ந்துகொண்டிருக்காது. மருந்தெடுத்த நெஞ்சு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் சிகிச்சை முடிந்த கடிதத்தையும் பழைய எக்ஸ்ரேயையும் கேட்டு வாங்கிக் கொண்டு போனால் பேசவாவது ஒரு தாள் இருக்கும். அம்பாறை நிர்வாக மாவட்டம் ஒன்றென்றாலும் சுகாதாரத் திணைக்களத்துக்குக் கல்முனை தனிப் பிராந்தியம் என்பதை மறந்து, அம்பாறை நகருக்கு வீணாக பஸ் ஏற வேண்டாம். என் அபிப்பிராயம் என்னவென்றால், ஏஜென்ட் கையில் முதல் காசு கொடுக்கும் முன்பே ஒரு எக்ஸ்ரேயும் ஹெபடைட்டிஸ் சோதனையும் ஊரிலேயே செய்துவிடுவது நல்லது. 'அன்ஃபிட்' என்று வந்த பிறகு கொடுத்த காசைத் திரும்ப வாங்கியவர்களை எண்ண ஒரு கை விரல் அதிகம்.

சீனி, பிரஷர் உள்ளவர்கள் அதை மறைக்கத் தேவையில்லை, மருந்தை விடுவதுதான் ஆபத்து. கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கங்களைப் போட்டோ எடுங்கள். மருந்தின் பொதுப் பெயரையும் அளவையும் எழுதி வைத்தியரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஆங்கிலக் கடிதம் ஒன்று எடுங்கள். முதல் காட் வரும்வரை சமாளிக்க, அந்த நாடு கொண்டுவர விடுகிற அளவு மருந்து, கடையில் வாங்கிய பெட்டியோடும் கீற்றோடும் போகட்டும். பொலித்தீன் பையில் கலந்து கட்டிய குளிசைகள் வேண்டாம். ட்ரமடோல், கோடீன், டயஸெபாம், பிரிகாபலின் ஆகியவை அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். முதுகுவலிக்கு எழுதித் தந்த குளிசையே விமான நிலையத்தில் போதைப்பொருள் வழக்காகலாம். பக்கத்து வீட்டு மாமி தன் மகனுக்குக் கொடுத்துவிடும் மருந்துப் பொட்டலத்தை, எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், பிரித்துப் பார்க்காமல் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

தோஹாவில் இறங்கியதும் கவனம் ஐடியில் இருக்க வேண்டும். விசா நிலையத்திலேயே கைரேகையும் மெடிக்கலும் முடிந்திருப்பதால் முன்பைப் போல இழுபடாது. இழுபட்டால் பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று: கம்பனியின் பதிவு முடக்கப்பட்டிருக்கும், முதலாளி கட்டணம் கட்டியிருக்க மாட்டார், அல்லது கடவுச்சீட்டு விபரத்தில் பிழை. "பாத்துக்கிட்டிருக்கோம்" என்று மந்தூப் சொல்வதை நம்பி மாதக்கணக்கில் இருக்க வேண்டியதில்லை. விசா இலக்கத்தை வைத்து உள்துறை அமைச்சின் இணையத்தளத்திலேயே நிலையைப் பார்க்கலாம். அதற்கு விசாத் தாளின் போட்டோ போனில் இருக்க வேண்டும். விமான நிலையத்தில் அதைக் கம்பனி ஆளிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவர்கள்தான் பின்னால் தவிக்கிறார்கள். கடவுச்சீட்டும் அப்படித்தான். ஐடி வேலைக்காக முதலாளி வாங்கலாம், வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். பிடித்து வைத்தால் 25,000 ரியால் வரை அபராதம் என்று 2015ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் பல கம்பனிகள் பிடித்துத்தான் வைத்திருக்கின்றன, சட்டத்தைச் சொல்லிக் கேட்டால் தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஐடி கைக்கு வந்த அன்றே செய்ய வேண்டியது சிம். நண்பன் பெயரிலுள்ள சிம்மையே தொடர்ந்து பாவிக்கிறவர்கள் அதிகம். பேசவும் வீட்டுக்கு வட்ஸ்அப் எடுக்கவும் அது போதும். ஆனால் உள்துறை அமைச்சின் மெட்ராஷ் செயலி உங்கள் ஐடியில் பதிந்த போன் இலக்கத்தைத்தான் ஏற்கும். ஆஸ்பத்திரியிலிருந்து திகதி வருவதும் குறுஞ்செய்தியில்தான். காட் பதிவில் ஒரு போன் இலக்கம், கையில் வேறு சிம் என்றால், மாதக்கணக்கில் காத்திருந்த ஸ்கேன் திகதி யாரோ ஒருவருடைய போனுக்குப் போய் வீணாகிவிடும். சிம் மாற்றினால் சுகாதார நிலையத்தில் சொல்லி இலக்கத்தை மாற்றுங்கள். சின்ன வேலைதான், யாரும் செய்வதில்லை.

பிறகு ஹமத் காட். ஐடி, கடவுச்சீட்டுக் கொப்பி, போட்டோ, தங்குமிட விலாசம் இவற்றோடு இணையத்தில் விண்ணப்பிக்கலாம், சுகாதார நிலையத்திலும் கேட்கலாம். காட் இலக்கம் HC என்ற இரண்டு ஆங்கில எழுத்தோடு தொடங்கும், அதைத் தொடர்ந்து எட்டு எண்கள். காட் தொலைந்தாலும் இந்த இலக்கம் நினைவிலிருந்தால் கோப்பு கிடைக்கும். எந்த நிலையத்துக்குப் போவது என்பதை விலாசம் தீர்மானிக்கும். குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு அரசின் ஆரம்பச் சுகாதார நிலையங்கள். கேம்பில் இருக்கும் தனி ஆண்களுக்குக் கட்டார் செம்பிறைச் சங்கம் நடத்தும் தொழிலாளர் சுகாதார நிலையங்கள் மிசைமீர், ஃபரீஜ் அப்துல் அஸீஸ், ஹிமைலா, ஸிக்ரீத் ஆகிய இடங்களில் இருக்கின்றன. சனாயா என்கிற தொழிற்பேட்டைப் பக்கம் 2018இல் திறந்த ஹஸ்ம் மிபைரீக் ஆஸ்பத்திரி தொழிலாளர்களை மனதில் வைத்தே கட்டப்பட்டது. ஊரில் செய்வதைப் போல நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க முடியாது. முதலில் சுகாதார நிலையம், அங்குள்ள டொக்டர் கடிதம் தந்தால் ஹமத் ஆஸ்பத்திரி. கடிதம் இல்லாமல் போனால் அவசரப் பிரிவில் உட்கார வைத்து, உயிராபத்து இல்லையென்று கண்டால் திரும்பவும் சுகாதார நிலையத்துக்கே அனுப்புவார்கள். உண்மையான அவசரமென்றால் 999 அடித்து அம்புலன்ஸ் கேளுங்கள், காட் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். காட், திகதி விசாரிக்க 16060.

100 ரியாலை யார் கட்டுவது என்பதில் கேம்புக்குக் கேம்பு சண்டை. சில கம்பனிகள் கட்டும், சில கட்டாது. கட்டாத கம்பனியோடு மல்லுக்கட்டிக்கொண்டே காட் இல்லாமல் இருப்பதைவிட, முதல் மாதச் சம்பளத்தில் நீங்களே எடுத்துவிட்டுப் பிறகு மல்லுக்கட்டுவது புத்தி. ஊரிலிருந்து விசிட் விசாவில் வருகிற அம்மா அப்பாவுக்கு இந்தக் காட் உதவாது. 2023 பெப்ரவரி 1 முதல் அவர்களுக்கு மாதம் 50 ரியாலில் காப்பீடு கட்டாயம். அது அவசரத்துக்கும் விபத்துக்கும் மட்டும். வழமையான சீனி மருந்தை அதில் எடுக்கலாமென்று கூட்டிக்கொண்டு வராதீர்கள்.

சவூதியில் கணக்கு வேறு. அங்கே தனியார் கம்பனி வேலைக்காரருக்கு முதலாளி மருத்துவக் காப்பீடு, அதாவது தஃமீன், எடுத்தே ஆக வேண்டும். எடுத்தால்தான் இக்காமா, அதாவது அந்த நாட்டு வதிவிட அனுமதி, வெளிவரும். இக்காமாக் கட்டணமும், புதுப்பிக்கப் பிந்தினால் வரும் அபராதமும் முதலாளியுடையவை என்று தொழிற்சட்டத்தின் 40ஆம் பிரிவு சொல்கிறது. இக்காமா வரும்வரை உங்கள் அடையாளம் எல்லையில் தந்த ஹுதூத் இலக்கம். கடவுச்சீட்டில் அடித்திருக்கும், குறித்து வையுங்கள். இக்காமா இலக்கம் 2இல் தொடங்கும் 10 எண்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது: 2015 முதல் இக்காமாவுக்குத் தருகிற முகீம் காட் ஐந்து வருடத்துக்கானது, ஆனால் இக்காமா வருடாவருடம் கணினியில்தான் புதுப்பிக்கப்படுகிறது. கையிலுள்ள காட் புத்தம் புதிதாக மினுங்கும், உள்ளே இக்காமா செத்து ஆறு மாதமாகியிருக்கும். அப்ஷர் என்ற அரச செயலியில் திகதியைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். தஃமீன் உயிரோடு இருக்கிறதா என்பதையும் இக்காமா இலக்கத்தைப் போட்டுக் காப்பீட்டுக் கவுன்சிலின் தளத்தில் பார்க்கலாம். முஸ்தவ்ஸஃப் என்கிற கிளினிக்குக்குப் போகும்போது தனிக் காப்பீட்டு அட்டை தேவையில்லை, இக்காமா போதும். ஆனால் அந்த முஸ்தவ்ஸஃப் உங்கள் தஃமீன் வலையமைப்பில் இருக்க வேண்டும், ஸ்கேன் போன்ற பெரிய சோதனைக்குக் காப்பீட்டுக் கம்பனியின் அனுமதி வர வேண்டும். "அப்ரூவல் வரல்ல" என்று திருப்பி அனுப்பினால் சண்டை பிடிக்க வேண்டிய ஆள் வரவேற்பிலிருக்கும் பெண்ணல்ல, காப்பீட்டுக் கம்பனி. சுகாதார ஆலோசனைக்கு 937, அம்புலன்சுக்கு 997.

எமிரேட்ஸில் 2022 முதல் கடவுச்சீட்டில் விசா ஒட்டுவதில்லை, எமிரேட்ஸ் ஐடியே எல்லாம். டுபாயிலும் அபுதாபியிலும் முன்பே இருந்த கட்டாயக் காப்பீடு 2025 ஜனவரி 1இல் ஷார்ஜா, அஜ்மான் முதலிய மற்ற எமிரேட்டுகளுக்கும் வந்துவிட்டது. அங்கே அடிப்படைத் திட்டம் வருடத்துக்கு 320 திர்ஹம், கட்டுவது முதலாளி. சம்பளத்தில் வெட்டினால் அது களவு. குவைத்தில் அரசின் சுகாதாரக் காப்பீட்டுக் கட்டணம் கட்டினால்தான் வதிவிடம் கிடைக்கும். வீட்டுவேலை விசா 20, கம்பனி விசா 18 என்று பிரித்துச் சொல்வார்கள். உங்களுடையது எது என்று தெரிந்து வைத்திருங்கள், உரிமைகள் இரண்டுக்கும் ஒன்றல்ல.

இவ்வளவு ஒழுங்கும் ஒரே அடியில் குலைவது ஃப்ரீ விசாவில். சம்மாந்துறை, நிந்தவூர், காத்தான்குடி என்று எங்கே கேட்டாலும் ஒருவர் ஃப்ரீ விசாவில் போயிருப்பார். பெயர்தான் ஃப்ரீ, விலை லட்சங்களில். எந்தச் சட்டத்திலும் அப்படியொரு விசா இல்லை. தாளில் ஒருவர் கபீல், அதாவது விசா தந்த முதலாளி, வேலை வேறொருவரிடம். கபீலுக்கு உங்களால் வருமானம் வருடத்துக்கு ஒரு தடவைதான், புதுப்பிக்கும் நேரத்தில். அவர் ஏன் காப்பீடு கட்டப் போகிறார்? கட்டினாலும் ஆக மலிந்ததைக் கட்டி, அதற்கும் உங்களிடமே வாங்குவார். வேலைத்தளத்தில் ஏணி சரிந்து விழுந்தால், வேலை கொடுத்தவர் "இவர் என் ஆளில்லை" என்பார். கபீல் "நான் அங்கே அனுப்பவில்லை" என்பார். இருவர் சொல்வதும் தாளின்படி உண்மை. நல்ல சம்பளம் வருகிற வரைக்கும் ஃப்ரீ விசா நல்ல விசாதான், உடம்புக்கு ஒன்று வந்த அன்றைக்கு அதன் விலை தெரியும்.

முறையான கம்பனி விசாவில் இருப்பவருக்கோ சட்டம் கணிசமாகத் தருகிறது. கட்டாரின் 2004ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சட்டப்படி, மூன்று மாதம் வேலை செய்த பிறகு வருத்த லீவில் முதல் இரண்டு வாரத்துக்கு முழுச் சம்பளம், அடுத்த நான்கு வாரத்துக்கு அரைச் சம்பளம். வேலையில் ஏற்பட்ட காயமென்றால் சிகிச்சைக் காலத்துக்கு, ஆறு மாதம் வரை, முழுச் சம்பளம். அதற்குப் பிறகும் சுகமாகாவிட்டால் அரைச் சம்பளம் தொடரும். சவூதியில் வருடத்துக்கு 30 நாள் முழுச் சம்பளம், அடுத்த 60 நாள் முக்கால், அதற்கடுத்த 30 நாள் சம்பளமில்லா லீவு. இதெல்லாம் கிடைப்பதும் கிடைக்காததும் ஒரு தாளில் தங்கியிருக்கிறது. காயம்பட்டவரை ஃபோர்மன் தன் வாகனத்தில் ஏற்றி, தெரிந்த கிளினிக்குக்குக் கொண்டுபோய், "அறையில் வழுக்கி விழுந்தான்" என்று அரபியில் சொல்லிவிடுவார். அப்படியே கோப்பில் ஏறிவிடும். அந்த ஒரு வரியில் வேலைக் காயம் சொந்தக் காயமாகிவிடும். முடிந்தால் அரச ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸில் போங்கள். "வேலை செய்கிற இடத்தில் விழுந்தேன்" என்பதை உடைந்த ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ நீங்களே சொல்லுங்கள். கேரளா நேர்ஸ் இல்லாத வளைகுடா ஆஸ்பத்திரி கிடையாது, தமிழில் மெதுவாகச் சொன்னாலும் பாதி விளங்கும். வெளியே வரும்போது மருத்துவ அறிக்கையும் லீவுச் சான்றிதழும் கேட்டு வாங்கி, கொடுக்கும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள். மூலத்தைக் கம்பனி வாங்கினால் அது திரும்பி வராது.

வீட்டுவேலைக்குப் போகிற பெண்களுக்கு மேலே சொன்ன பாதி பொருந்தாது. கட்டாரில் அவர்களுக்கு 2017ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் தனிச் சட்டம். காட் பெரும்பாலும் மேடத்தின் கைப்பையில் இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் அவர் கூட்டிக்கொண்டு போனால்தான். காட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது நடக்காத காரியம், போட்டோ எடுப்பது நடக்கும். ஐடி கைக்கு வருகிற முதல் தடவை, முன்பக்கமும் பின்பக்கமும் எடுத்து ஊருக்கு அனுப்பச் சொல்லுங்கள். கட்டார் ஐடியின் பின்பக்கத்தில்தான் முதலாளியின் பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் இருக்கும், முன்பக்கம் மட்டும் அனுப்பினால் அவசரத்துக்கு உதவாது. "காட் வந்ததா மனே?" என்று கேட்டுவிட்டு, "வந்துட்டு உம்மா" என்ற பதிலோடு போனை வைத்துவிடுகிறார்கள் தாய்மார். "படம் எடுத்து அனுப்பு" என்று இன்னொரு வசனம் கேட்க வேண்டும். மகள் போன் எடுக்காமல் இரண்டு வாரமானால், பிரதேச செயலகத்திலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போகும்போதும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு அடிக்கும்போதும் முதலில் கேட்பது அந்த இலக்கங்களைத்தான். இலக்கம் கொடுத்தால் தூதரகம் ஆளைத் தேடும். இலக்கமில்லாமல் "ரியாத்தில ஒரு வீட்டில" என்றால் எங்கே போய்த் தேடுவது?

பணியகத்தில் பதிந்து போனவருக்குக் காப்பீடும் உண்டு. நோய், காயம் காரணமாகத் திரும்பி வந்தால் அதில் கோரலாம். ஆனால் பதிவு இரண்டு வருடத்துக்கானது, ஒப்பந்தம் நீண்டால் பதிவையும் புதுப்பிக்க வேண்டும். கோரிக்கைக்கு அங்கே தந்த மருத்துவ அறிக்கை வேண்டும். ஊருக்கு வந்த பிறகு அதை எடுப்பதென்றால் யாரையாவது அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, உங்கள் ஹெல்த் காட் இலக்கத்தைச் சொல்லி, கடிதம் கொடுத்து, கட்டணம் கட்டி எடுக்க வேண்டும். ஏறும் முன்பே எடுத்துவிடுங்கள். அறிக்கை அரபியில் மட்டும் இருந்தால் ஆங்கிலத்தில் கேளுங்கள். ஸ்கேன், எக்ஸ்ரே படங்களை சீடியில் தருவார்கள். மட்டக்களப்பில் மறுபடியும் துண்டு எடுத்துக் கிளினிக்கில் சேரும்போது, ஏற்கெனவே என்ன மருந்து எத்தனை மில்லிகிராம் குடித்தீர்கள் என்பதை டொக்டர் அதிலிருந்துதான் அறிவார்.

அங்கே இருக்கும்போது கடவுச்சீட்டு முடிவதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தூதரகத்தில் விண்ணப்பித்தாலும் கொழும்பில் அச்சாகித்தான் வரும், அதற்கு நாட்கள் போகும். கடவுச்சீட்டு முடிந்தால் ஐடி புதுப்பிக்காது, ஐடி முடிந்தால் ஹெல்த் காட் புதுப்பிக்காது. ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகிற மாடுகள் மாதிரி இவை. புதிய கடவுச்சீட்டு வந்ததும் அதன் இலக்கத்தை ஐடியில் மாற்றச் சொல்லி மந்தூப்பிடம் கொடுக்கும்போது, பழைய கடவுச்சீட்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அதிலுள்ள விசாப் பக்கத்தைக் கொப்பி எடுத்துக் கொடுங்கள். பழையது ஊர் அலுமாரியில், கிளினிக் கொப்பியோடு ஒரே பொலித்தீன் உறைக்குள் இருக்கட்டும்.